திருத்தம் பூஜ்யம்

அன்றைய காலைக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். நீள்மேசையின் தலைப்பக்கம் துணைப் பொது மேலாளர் வேதமூர்த்தி. அவருக்கு வலப்புறம் எண்ணெய்க் கணக்குப் பிரிவின் இந்துமதி. அந்த நாற்காலியை அவள் இதுவரை யாருக்கும் விட்டதில்லை. எதிரே பரிசோதனைக் கூடத்து ஷாகுல். அவனுக்குப் பக்கத்தில், மென்பொருள் நிறுவனம் அனுப்பிவைத்திருந்த நித்திலன், மடிக்கணினிக்குப் பின்னால் பாதி மறைந்தபடி. இந்துமதியின் கணவன் குமரகுரு தீயணைப்புப் பிரிவுக்காக வந்திருந்தான். மனைவிக்கும் தனக்கும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தான். அலுவலகத்தில் அப்படித்தான் என்று இருவருக்குள்ளும் பேச்சு. மேசையின் கடைசியில், கதவை ஒட்டி, ஏசிக் காற்று எட்டாத இடத்தில் ரெஜினா. கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டியை ஒட்டிய பழைய டேங்க்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவள்.

எல்லோரும் சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெயர்கள் வந்தன, பெயருக்குப் பக்கத்தில் எண்கள் வந்தன. ஷாகுல் 4.1. குமரகுரு 5.2. இந்துமதி 3.6. ரெஜினா 0.0.

இந்த எண்கள் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குள் எவ்வளவு கச்சா எண்ணெய் வந்ததோ, அவ்வளவும் ஏதாவது ஒரு வடிவத்தில் கணக்கில் வந்தாக வேண்டும். பெட்ரோலாக, டீசலாக, தாராக, உலையில் எரிந்ததாக, டேங்க்கில் தங்கியதாக. ஆனால் எந்த ஆலையிலும் அது தானாகச் சரியாக வந்ததில்லை. ஒரு மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், இன்னொன்று குறைத்துச் சொல்லும். முன்பெல்லாம் மாதக் கடைசியில் இந்துமதிதான் உட்கார்ந்து, எந்த மீட்டர் பொய் சொல்கிறது என்று யூகித்துக் கணக்கை நேர் செய்வாள். இப்போது அந்த வேலையை நிகர் என்ற மென்பொருள் செய்தது. ஒன்றோடொன்று தொடர்புள்ள மீட்டர்களை ஒப்பிட்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, ஒவ்வொன்றின் எண்ணையும் சிறிது நகர்த்தி, மொத்தத்தையும் பொருந்த வைக்கும். நகர்த்திய அளவுக்குத் திருத்தம் என்று பெயர்.

அதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. மனிதர்களும் பார்த்ததைச் சொல்கிறவர்கள்தானே, அவர்களையும் மீட்டர்களைப் போல நேர் செய்தால் என்ன என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு மைக் வந்தது. ஷிப்ட் மாறும்போது சொல்வது, கூட்டத்தில் சொல்வது, கேண்டீனில் சொல்வது எல்லாம் நிகருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், நிகர் இருவரையும் கொஞ்சம் நகர்த்தி நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். யாரை எவ்வளவு நகர்த்தியது என்பது மறுநாள் திரையில் வரும்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் “இன்னைக்கு உனக்கு எவ்வளவு?” என்பதே வணக்கத்துக்குப் பதிலாக ஆனது. பிறகு குடியிருப்பில் வீடு ஒதுக்க அந்த எண்ணைப் பார்த்தார்கள், அப்புறம் பதவி உயர்வுக்கும் பார்த்தார்கள். பம்ப் அறையில் வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவரில் தம்பியின் சொல்லை நிகர் அதிகம் நகர்த்திவிட்டது. அவன் அன்றிலிருந்து அண்ணனோடு சாப்பிட உட்காருவதை விட்டான்.

வேதமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, சமநிலை அதிகாரி என்று ஒரு புதிய பதவி வரப்போகிறது என்றார். ஆலையின் மாதக் கணக்கில் இனி அவர் ஒருவர் கையெழுத்துதான் செல்லும். அதற்குத் திருத்தம் குறைவாக வாங்குகிறவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு மேசையின் கடைசிப் பக்கம் பார்த்தார். “பூஜ்யம் வாங்குறவங்க நம்மகிட்ட ஒருத்தர் இருக்காங்க. மத்தவங்க அவங்களைப் பாத்துக் கத்துக்கணும்.”

ஆறு தலைகளில் ஐந்து ரெஜினா பக்கம் திரும்பின. ரெஜினா தன் கைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணிவுதான் இந்துமதியின் வயிற்றை எரித்தது. இந்த ஆலையின் கணக்கைத் தலையில் சுமந்தவள் அவள். மாதக் கடைசியில் இந்த வேதமூர்த்தியே அவள் அறை வாசலில் வந்து நின்று “முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டிருக்கிறார். ஒரு டேங்க்கில் டேப்பை விட்டு எடுத்து ஒரு எண் சொல்கிறவளைப் பார்த்து அவள் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

வீட்டில் அதைக் கணவன்மேல் இறக்கினாள். காரணமும் இருந்தது. ஒருநாள் இருவரும் வேலைக்குத் தாமதமாகப் போனபோது ஸ்கூட்டர் பஞ்சர் என்று அவள் சொல்லியிருந்தாள். குமரகுரு தன் பிரிவில், மனைவி சாவியைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்ட கதையைச் சொல்லிச் சிரித்திருந்தான். நிகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டது.

“இனிமே ஆபீஸ்ல என்னைப் பத்திப் பேசாதீங்க” என்றாள்.

“உன்னைப் பத்திப் பேசாம நான் வேற எதைப் பத்திடி பேசுறது? தீயணைப்பு வண்டியைப் பத்தியா?”

“எதைப் பத்தி வேணா பேசுங்க. என் பேரு வரக் கூடாது.”

அவன் சரி என்றான். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னான், அவள் அதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு ரெஜினாவைப் போல இருந்து பார்த்தாள். கூட்டத்தில் எண்ணை மட்டும் சொன்னாள். கேண்டீனில் ஷாகுலின் மேசைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவன் “என்ன மேடம், மௌன விரதமா?” என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். அவள் எண் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மூன்றுக்குக் கீழே போக மறுத்தது. கடைசி வரியில் அந்த 0.0 அசையாமல் நின்றது. ஒருநாள் பொறுக்க முடியாமல் நித்திலனின் அறைக்குப் போனாள். ரெஜினாவின் அளவில் ஏதோ தப்பு இருக்க வேண்டும், நம்பகமான மீட்டர் ஒன்று தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு மற்ற மீட்டர்கள் தலையில்தானே ஏறும், அவளைச் சோதித்துப் பார் என்றாள்.

நித்திலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெஜினா மேடமை நிகர் நம்புதுன்னு யாரு சொன்னா?” என்றான்.

“பூஜ்யம்னு போட்டிருக்கே.”

“திருத்தம்தான் மேடம் பூஜ்யம். ஒருத்தர் சொல்றதைத் திருத்தணும்னா அதே விஷயத்தை இன்னொருத்தரும் சொல்லியிருக்கணும். பஸ் ஸ்டாண்டுல மூணு பேர் நிக்கிறாங்க, பஸ் எப்ப வந்துச்சுன்னு கேக்குறோம். மூணு பேரும் மூணு நேரம் சொல்வாங்க. ஒப்பிட்டுப் பாத்து ஒண்ண எடுத்துக்கலாம். ஒரே ஒருத்தர்தான் நின்னாருன்னா? அவர் சொல்றதுதான் நேரம். திருத்த வழியே இல்ல.”

ஜெட்டி டேங்க்கின் ரேடார் அளவி கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது என்றான். ரெஜினா மட்டும்தான் மேலே ஏறிப் பார்க்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அது டேங்க்கோட கதை. அவங்க கதையும் அப்படித்தான். நான் தேடிப் பாத்தேன் மேடம். நிகர் வந்ததுலேருந்து இந்த ஆலைல யாரும் அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நல்லதாவும் இல்ல, கெட்டதாவும் இல்ல. அவங்களை எதோட வச்சு ஒப்பிடுறது?”

அதைக் கேட்டு இந்துமதிக்கு இரக்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அவள் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்த பூஜ்யத்துக்குள் ஒன்றுமே இல்லை. நேராக வேதமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் பாதிவரை கேட்டுவிட்டு, “பூஜ்யம்னா பூஜ்யம்தாம்மா. மெஷினுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?” என்று அடுத்த கோப்பைத் திறந்தார்.

படியிறங்கி வரும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. யாரும் பேசாததால்தானே பூஜ்யம். பேசினால்?

மறுநாள் அவள் ஜெட்டிப் பக்கம் போனாள். டேங்க்கின் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படியில் ரெஜினா பாதி ஏறியிருந்தாள். இந்துமதியும் பின்னால் ஏறினாள். மேலே கடற்காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ரெஜினா டேப்பில் எண்ணெய் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, பித்தளைக் குண்டை அளவுத்துளைக்குள் மெதுவாக இறக்கி, அடி தட்டியதும் மேலே சுற்றி எடுத்து, பசையின் நிறம் மாறிய இடத்தைப் படித்தாள். எண்ணைச் சொன்னாள். இந்துமதி அதைக் கேட்டுக்கொண்டாள். டேப் எண்ணெயில் ஊறி வழுக்கியது. தானே அளந்து வேறொரு எண் சொல்லத்தான் வந்திருந்தாள், ஆனால் அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் ரெஜினா தன் எண்ணைச் சொன்னதும், “நானும் பாத்தேன், அதேதான்” என்றாள். இரண்டாவது ஆள் சரிபார்ப்பது நல்ல பழக்கம் என்று வேதமூர்த்தி பாராட்டினார். அப்படியே தினமும் நடந்தது.

மதியம் ரெஜினாவின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் ரெஜினா எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டாள், விருந்தாளி வந்ததைப் போல. பெரிய டிபன் பாக்ஸ் ஒன்றில் சங்கரா மீன் குழம்பு இருந்தது. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, குறைவாகச் சமைக்கத் தனக்கு வரவில்லை என்றாள். அன்று மாலையே கேண்டீன் வாசலில் நாலு பேர் காதுபட இந்துமதி சொன்னாள்: ரெஜினாவின் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, உப்புதான் குறைவு. செய்தி ரெஜினாவுக்குப் போயிற்று. உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று அவள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் திரையில் ரெஜினா 0.3.

இந்துமதி அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரெஜினாவும் பார்த்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். டேங்க்கின் மேல் ஏறியதும் டேப்பை எடுக்காமல் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள்.

“ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது இந்து. உன் பேருக்குப் பக்கத்துல தினமும் மூணு, மூணே முக்கால்னு வருமில்ல, எனக்குப் பொறாமையா இருக்கும். எத்தனை பேரு இவளைப் பத்தி ஏதாவது சொல்லியிருந்தா இவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுப் பாப்பேன். வீட்டுக்காரரு ஒண்ணு சொல்லியிருப்பாரு, ஷாகுல் ஒண்ணு சொல்லியிருப்பான். எனக்கு அந்த முட்டைதான்.”

“பூஜ்யம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன. ரேடார் இருந்தப்ப அது ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு சொல்வேன், கன்ட்ரோல் ரூம்லேருந்து போன் பண்ணித் திட்டுவாங்க. அது போனதுலேருந்து யாரும் திட்டுறதும் இல்ல.” டேப்பைச் சுழற்றி எடுத்தாள். “உப்பு நிஜமாவே கம்மியா?”

“கம்மிதான்” என்றாள் இந்துமதி. அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. உப்பு வழக்கைத் தீர்க்கவென்று ஷாகுல் ரெஜினாவின் மேசைக்கு வந்தான். பரிசோதனைக் கூடத்துக்காரன் தீர்ப்பு சொன்னால்தான் செல்லும் என்று குழம்பை ஒரு கரண்டி வாங்கிக்கொண்டான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ரெஜினாவுக்கு ஆட்களைப் போல நடித்துக் காட்ட வரும் என்பது ஆலைக்கு அப்போதுதான் தெரிந்தது. வேதமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறந்துபோய் மறுபடி துடைப்பதை அவள் செய்து காட்டியபோது கேண்டீன் சமையல்காரர்கூட அடுப்பை விட்டு வந்து பார்த்தார். அத்தனை காலம் அடக்கி வைத்த பேச்செல்லாம் அவளிடம் அப்படியே இருந்தது. மேசை போதாமல் இன்னொரு மேசையை இழுத்துப் போட்டார்கள். அந்த இரண்டாவது மேசையின் ஓரத்தில்தான் இந்துமதிக்கு இடம் கிடைத்தது.

ஒரு மாலையில் குமரகுரு செருப்பைக் கழற்றும்போதே, “ரெஜினா இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்தான். சாப்பிடும்போது இன்னொன்று சொன்னான். படுக்கையை விரித்துக்கொண்டே மூன்றாவதைத் தொடங்கியபோது அவள் குறுக்கிட்டாள்.

“ஆபீஸ்லயும் இதே பேச்சுதானா?”

“நீதானே உன் பேரு வரக் கூடாதுன்ன. வேற எதைப் பத்தி வேணா பேசச் சொன்ன.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு, ரெஜினாவின் எண் இப்போது எவ்வளவு என்று யோசித்தாள். ஆறைத் தாண்டியிருந்தது. அத்தனை பேர் அவளைப் பற்றி அத்தனை விதமாகப் பேசினார்கள். நிகர் அவளை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருந்தது. பூஜ்யத்துக்காகப் பொறாமைப்பட்டதைவிட இந்த ஆறுக்காகப் படும் பொறாமை அதிகமாக வலித்தது. அது அவளுக்கு வியப்பாகவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் திரையில் வந்தது: இந்துமதி 0.0.

கணக்கு முழுவதையும் நிகரே போட்டதால் அவள் சொல்ல எண்கள் அதிகம் இல்லை. சொன்ன ஒன்றிரண்டும் ரெஜினா சொன்னதோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போயின. அவளைப் பற்றியோ யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வேதமூர்த்தி கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். ரெஜினா மட்டும் தட்டாமல் அவளைப் பார்த்தாள். அன்று மதியமே சமநிலை அதிகாரி என்று அவள் அறை வாசலில் பலகை மாட்டினார்கள்.

மறுநாள் வேதமூர்த்தி முதல் வேலையைக் கொண்டுவந்தார். ஜெட்டி டேங்க்கை இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் போதும் என்று தலைமை அலுவலகம் கருதுகிறது. ரெஜினாவின் பதவியை எடுத்துவிட்டு அவளை வடக்கே, பாலைவனத்தில் இருக்கும் ஒரு கிடங்குக்கு அனுப்புவது என்று முடிவு. ஆனால் ஆட்குறைப்பில் மென்பொருளின் சொல் செல்லாது என்று தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு அதிகாரி கைப்பட எழுதி, கையெழுத்திட்டு, உறையை ஒட்டித் தபாலில் அனுப்ப வேண்டும்.

“நீங்க தினமும் சரிபாக்குறீங்க, அதனால அந்தப் பதவி வேண்டாம்னு நாலு வரி எழுதிடுங்கம்மா. இன்னைக்குத் தபால்ல போகட்டும்.”

அவர் போன பிறகு இந்துமதி வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். நாலு வரிதான். எழுதிவிட்டால் மேசைகள் பழையபடி பிரிந்துவிடும். குமரகுருவுக்குப் பேச வேறு ஆள் இருக்காது. ஷாகுல் ஏதாவது கேட்டுக்கொண்டு அவள் பக்கம் வருவான். தேதியும் முகவரியும் எழுதினாள். ‘ஜெட்டி டேங்க்கின் அளவை நான் நாள்தோறும் சரிபார்த்து வருவதால்’ என்று எழுதி, அடுத்த சொல்லுக்காகப் பேனாவை நிறுத்தியபோது கதவு தட்டப்பட்டது.

ரெஜினா உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தாளை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது.

“சாப்பிட வரலையா?”

“வேலை இருக்கு.”

“நேத்தும் வேலைன்ன.” ரெஜினா கொஞ்சம் தயங்கினாள். “நேத்து உனக்கு முட்டை வந்துச்சே, எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல. நான் போயி உன்னைப் பத்தி ஏதாவது சொல்லிட்டு வரட்டுமா? சின்னப் பொய்யாத்தான். உனக்குக் கூட்டுல பூசணிக்காய் ஆகாதுன்னு சொல்றேன். நீ நாளைக்கு ஆகும்னு சொல்லு. அரைப் புள்ளியாவது வரும்.”

இந்துமதி பேனாவைத் தாளின்மேல் வைத்தாள். “யோசிச்சுச் சொல்லு” என்று ரெஜினா கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

இந்துமதி அந்தத் தாளைக் கிழித்தாள். புதிய தாளில் மறுபடி தேதி, முகவரி. ‘ஜெட்டி டேங்க்கின் இரண்டாவது அளவு என்று நான் கூட்டத்தில் சொல்லிவந்தது என் அளவு அல்ல. அளவு நாடாவை நான் ஒருநாளும் கையால் தொடவில்லை. ரெஜினா அவர்கள் படித்த எண்ணைக் கேட்டுத் திரும்பச் சொன்னேன். ஆகவே அந்த டேங்க்கைப் பார்ப்பவர் இன்றும் ஒருவரே. அவர் பதவியை எடுத்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆலையில் ஆள் இருக்காது.’ சமநிலை அதிகாரியாகக் கையெழுத்திடத் தனக்குத் தகுதி இல்லை என்பதைக் கடைசிப் பத்தியாக எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினாள்.

இது வெளியே தெரிந்தால் நாளை ஆலை முழுவதும் அவளைப் பற்றித்தான் பேசும். பம்ப் அறையில் ஒரு விதமாக, பரிசோதனைக் கூடத்தில் வேறு விதமாக. குமரகுரு அவளுக்குப் பரிந்துகொண்டு ஏதாவது உளறுவான். நிகருக்கு நாலு நாள் வேலை இருக்கும். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற எண்ணத்தைவிட அதுதான் பேனாவை ஓட்டியதோ என்றுகூடத் தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

தபால் பிரிவு கேண்டீனுக்கு அடுத்த அறை. தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, அங்கே இருந்த பசைப் புட்டியால் ஓரத்தில் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் குரல் யாரையோ போல மாறி ஏதோ சொன்னது. பெரிய சிரிப்பு எழுந்தது. அதில் குமரகுருவின் சிரிப்பு தனியாக அடையாளம் தெரிந்தது. அது இப்போதும் சுருக்கென்று குத்தியது.

“சாதாவா, ஸ்பீட் போஸ்ட்டா மேடம்?” என்று தபால் குமாஸ்தா கேட்டார்.

“ஸ்பீட் போஸ்ட்.”

அவர் அரக்கை உருக்கி உறையின் முதுகில் ஊற்றி, முத்திரையை அழுத்தி எடுத்து, வாசலில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்த வேன்காரரிடம் கொடுத்தார். வேன் கேட்டைத் தாண்டும்வரை இந்துமதி பார்த்துக்கொண்டு நின்றாள்.